மறுமுனையில் ஒரு மனிதர் வேண்டும்

கண்டியிலிருந்து மஹியங்கனை செல்லும் பெருந்தெருவிலே, தென்னகும்புரப் பாலத்தில் மகாவலி கங்கையைக் கடந்து சிறிது தூரம் சென்றால் வருகின்ற பல்லேகல, வெளியுலகத்தாருக்கு ஒரு கிரிக்கெட் மைதானத்தின் பெயராகவே அறிமுகமாகியிருக்கலாம். ஆனால் கண்டி மாவட்டத்தின் கிராமங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் பிறந்து, சாதாரணதரமோ உயர்தரமோ எழுதிவிட்டு வேலை தேடிப் புறப்படும் இளைஞருக்கும் யுவதிகளுக்கும் அது முதற்கண் ஒரு கைத்தொழிற் பேட்டையின் பெயராகும். விடிந்தும் விடியாத பொழுதில் பஸ்ஸைவிட்டு இறங்கித் தொழிற்சாலை வாயிலை நோக்கி விரையும் அவர்கள் கையில் தவறாது காணப்படுவது கைத்தொலைபேசி. வீட்டுக்குப் பணம் அனுப்பிய செய்தியும் சினிமாப் பாட்டும் காதலும் கடனும் அதற்குள் அடங்கியிருப்பதுபோலவே, உடம்பைப் பற்றிய பயமும் இன்று அதனிடமே முதன்முதலாக வாய் திறக்கிறது. நோயென்று ஓர் ஐயம் எழுந்தால், தாயிடமோ வைத்தியரிடமோ கேட்பதற்கு முன்னர் கைபேசியிடம் கேட்கும் ஒரு தலைமுறை நம் கண்முன்னே வளர்ந்துவிட்டது. இதைக் கண்டு கலங்குவோர் பலர், கண்டிப்போரும் பலர். என் அபிப்பிராயம் வேறு. கேட்பதிலே குற்றமில்லை, கேட்ட கேள்விக்கு விடை சொல்பவர் யார் என்பதே நாம் கவலைப்பட வேண்டிய விஷயம். இலவச வைத்தியத்தைத் தன் பெருமையாகக் கொண்ட இந்நாட்டின் அரசு, தொலைபேசியின் மறுமுனையில், தமிழறிந்த, அந்தரங்கம் காக்கத் தெரிந்த, சொன்ன சொல்லுக்குப் பொறுப்பேற்கும் ஒரு மனிதரை நிறுத்த வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

இளைஞர் ஏன் கைபேசியை நாடுகிறார்கள் என்பதை அறிய வேண்டுமானால், அவர்கள் வைத்தியசாலைக்குப் போவதென்றால் என்ன நேர்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். தோட்டமொன்றிலிருந்து வந்து, பல்லேகலயில் நாலைந்து பேரோடு ஒரே போர்டிங் அறையில் தங்கி, ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் இருபது வயதுப் பெண்ணொருத்தியை மனத்திற் கொள்வோம். மாதவிடாய் ஒழுங்கு தவறி, அடிவயிற்றில் நோவும் கண்டிருக்கிறது. கண்டி தேசிய வைத்தியசாலைக்குப் போவதானால் வேலைநாள் ஒன்றை இழக்க வேண்டும். இழந்தால் அன்றைய கூலி மட்டுமன்றி, மாதம் முழுவதும் தவறாமல் வேலைக்கு வருவோருக்கென்று பல தொழிற்சாலைகள் கொடுக்கும் வரவுக் கொடுப்பனவும் கைநழுவிப் போகும். விடியற்காலையில் எழுந்து பஸ் பிடித்து, வெளிநோயாளர் பிரிவில் இலக்கத் துண்டு பெற்று, வாங்கில் நெருக்கியடித்து உட்கார்ந்து, முறை வந்ததும், பக்கத்தில் இன்னொரு நோயாளி காத்து நிற்க, தன் அந்தரங்கத்தைத் தனக்கு அரைகுறையாகத் தெரிந்த சிங்களத்தில் ஓரிரு நிமிஷங்களுக்குள் சொல்லி முடிக்க வேண்டும். கிளினிக்குக்கு வரச் சொன்னால் கிளினிக் கொப்பி ஒன்றும், மறுபடியும் ஒரு வேலைநாளும் வேண்டும். இத்தனையையும் எண்ணிப் பார்த்துவிட்டு, அறைத் தோழியர் உறங்கிய பின், போர்வைக்குள் கைபேசியின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, தமிழை ஆங்கில எழுத்திலே தட்டி, அவள் தன் நோவின் பெயரைத் தேடுகிறாள். அவளை மூடப் பெண் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. தனக்கிருந்த வழிகளை நிதானமாகச் சீர்தூக்கி, தன்னால் இயன்றதைச் செய்தவள் அவள்.

காலமும் காசும் இரண்டு காரணங்களானால், மூன்றாவது காரணம் சங்கோசம். என் மதிப்பில் அதுவே தலையாயது. லயன் அறைகளில் ஒரு சுவருக்கு இருபுறமும் இரு குடும்பங்கள் வாழ்கின்றன. தோட்டத்து வைத்திய உத்தியோகத்தரைக் காணப் போனவள் எதற்காகப் போனாள் என்பது, அவள் திரும்பி வருவதற்கு முன்னரே பிள்ளைக்காம்பரா வரைக்கும் எட்டிவிடுகிறது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? மாதவிடாய்க் கோளாறு, தோல் நோய், கருத்தடை, திருமணத்துக்கு முன் வந்த கலக்கம், பரீட்சைத் தோல்விக்குப் பின் உறக்கம் வராத இரவுகள் ஆகிய இவற்றையெல்லாம் பற்றிப் பேசுவதற்கு நம் சமூகம் இளையோருக்கு ஓர் இடம் கொடுத்ததில்லை. பையன்களின் நிலை இன்னும் பரிதாபமானது. அழுவதே ஆண்மைக்கு இழுக்கென்று கற்பிக்கப்பட்டவன், மனம் சோர்ந்தபோது யாரிடம் போவான்? முகம் காட்டாமல், பெயர் சொல்லாமல், யாருமறியாமல் கேட்கக்கூடிய ஒரு சாதனம் கைக்குக் கிடைத்தபோது, காலகாலமாக அடக்கி வைத்திருந்த கேள்விகளெல்லாம் அதனிடம் பாய்ந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

நோயாளி சேவையைத் தேடி வரும்வரை காத்திராமல், சேவையே அவர் இருக்குமிடம் தேடிப் போக வேண்டும் என்ற கொள்கை இந்நாட்டுக்குப் புதியதன்று. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பிக்கப்பட்ட நாள் தொட்டு, சுகாதார வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடும்பநல உத்தியோகத்தர் என்ற மூவகைச் சேவையாளர் வைத்தியசாலைச் சுவருக்கு வெளியே, ஜனங்களின் வாசற்படியிலே தம் தொழிலைச் செய்து வந்திருக்கிறார்கள். வீடு வீடாக நடந்து சென்று, கர்ப்பிணியின் பெயரைக் குறித்து, குழந்தையின் நிறையைப் பார்த்து, தடுப்பூசித் திகதியை ஞாபகப்படுத்திய அந்தக் குடும்பநல உத்தியோகத்தர்களே, செல்வம் மிகாத இச்சிறு தீவைத் தாய்சேய் நலத்தில் தென்னாசியாவின் முன்வரிசையில் நிறுத்தினார்கள். 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டபோது, நோயுற்றவன் கையில் காசிருக்கிறதா என்று கேட்பது நாகரிகமாகாது என்ற தர்மம் ஒரு தேசத்தின் நியதியாயிற்று. இன்று இளைஞரின் வாசற்படி அவர்களுடைய கைபேசியில் இருக்கிறது. அங்கே போய்த் தட்டுவது அந்தப் பழைய தர்மத்தின் தொடர்ச்சியே.

இதற்கான அங்கங்கள் பல ஏற்கெனவே நம்மிடம் இருக்கின்றன. இந்திய அரசின் நன்கொடையுடன் 2016 ஜூலையில் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவிய 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை, ஓர் இலக்கத்தை அழைத்தால் இலவசமாக உதவி வரும் என்ற நம்பிக்கையை ஏழையின் மனத்திலும் ஊன்றியிருக்கிறது. தேசிய மனநல நிறுவகம் 1926 என்ற இலக்கத்தில் இரவும் பகலும் மனத்துயருற்றோரின் அழைப்பை ஏற்கிறது. 1974இல் தோன்றிய சுமித்ரயோ இயக்கம், மனமுடைந்தவர் சொல்வதைப் பொறுமையோடு செவிமடுப்பதையே தொண்டாகச் செய்து வருகிறது. 2020இல் கொரோனா ஊரடங்கின்போது, கிளினிக் நோயாளரின் மருந்துகள் தபாற்காரர் கையில் வீடு வந்து சேர்ந்ததையும், மருந்துத் துண்டைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி ஃபார்மசியிலிருந்து மருந்து பெற்றதையும் நாம் மறந்துவிடவில்லை. அவசரம் வந்தபோது செய்ய முடிந்ததை, அவசரம் நீங்கியபின் நிரந்தர ஏற்பாடாக்கும் முயற்சிதான் தளர்ந்துவிட்டது.

தொலைபேசியில் ஒரு குரல் உயிரைக் காக்குமா என்று கேட்பவர்கள், இந்நாட்டின் சமீப சரித்திரத்தில் ஓர் அத்தியாயத்தைப் படிக்க வேண்டும். 1995இல் இலங்கையில் 100,000 பேருக்கு 47 பேர் என்ற அளவில் தற்கொலை நிகழ்ந்தது. உலகிலேயே மிகத் துயரமான கணக்குகளில் ஒன்று அது. கொடிய பூச்சிகொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்ததன் பயனாக, அடுத்த இருபது ஆண்டுகளில் அந்த விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. ஒரு கணத்து விரக்திக்கும் மீளமுடியாத முடிவுக்கும் இடையே சிறிது கால அவகாசம் கிடைத்தாலே ஆயிரமாயிரம் உயிர்கள் பிழைக்கும் என்பது அதனால் விளங்கியது. அந்த அவகாசத்தில் ஒரு மனிதக் குரலும் சேருமானால் எத்துணை நன்மை! ஆனால் இரவு இரண்டு மணிக்கு அழைப்பவனால் தன் தாய்மொழியில் அழவேனும் முடிய வேண்டும்.

அரசு தாமதித்த இடத்தில் சந்தை விரைந்து வந்துவிட்டது. விசேட வைத்தியரைக் காண்பதற்குக் கைபேசியில் சனலிங் செய்யும் வழக்கம் கண்டி நகரத்து நடுத்தரக் குடும்பங்களில் வேரூன்றிவிட்டது. ஓடொக், டொக்990 முதலிய செயலிகள் வைத்தியரைத் திரையிலேயே கொண்டுவந்து காட்டுகின்றன. இவை பிரயோஜனமான சேவைகள். இவற்றைக் குறைகூறுவது என் நோக்கமன்று. ஆயினும் கட்டணம் செலுத்த அட்டையும், படம் தடையின்றி ஓட டேட்டாவும், ஆங்கிலம் வாசிக்கப் பயிற்சியும் உள்ளவர்களுக்கே அக்கதவு எளிதில் திறக்கிறது. 2022 செப்டெம்பரில் கைத்தொலைபேசிக் கட்டணங்கள் 20 சதவீதம் உயர்ந்தன. 2024 ஜனவரி முதலாம் திகதி பெறுமதி சேர் வரி 18 சதவீதமாயிற்று. நகரத்து அலுவலருக்கு இவை சிறு தொகைகளாகத் தோன்றலாம். ஐம்பது ரூபாய்க்கும் நூறு ரூபாய்க்கும் றீலோட் செய்து நாளைக் கடத்தும் தோட்டத்துப் பிள்ளைக்கு அவை வைத்தியரின் முகத்தை மறைக்கும் திரையாகும். 1951இல் வைத்தியசாலை வாசலில் நீக்கிய கட்டணம், கைபேசியின் வாசலில் வேறு பெயரோடு திரும்பி வந்து நிற்பதை நாம் கவனியாதிருக்கலாகாது.

சந்தையினும் பெரிய ஆபத்து வதந்தி. 2020 டிசம்பரில், கொரோனாவுக்குக் கைகண்ட மருந்தென்று பரப்பப்பட்ட ஒரு பாணியைப் பெறுவதற்காகக் கேகாலையில் ஆயிரக்கணக்கானோர், நோய் பரவிய காலத்திலேயே, ஒருவரையொருவர் நெருக்கிக்கொண்டு திரண்டார்கள். கைபேசியில் வந்த பொய் மருந்தை மட்டுமா விற்றது? 2018 மார்ச்சில், பல்லேகலயிலிருந்து அதிக தூரமில்லாத திகனயிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, பகைமையை மூட்டிய சொற்கள் கைபேசி வழியாகவே ஓடின; அவசரகால நிலைமை பிரகடனமாயிற்று; சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டன. ஈராண்டுகளின் பின், 2020 மே மாதத்தில், தன் தளம் துஷ்பிரயோகம் செய்யப்பட்டதற்காக ஃபேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கோரியது. அப்பொழுது வெளியான ஆய்வு காட்டிய குறைகளுள் முக்கியமானது, சிங்களத்தில் எழுதப்படுவதை வாசித்துத் தீமையைத் தடுக்கப் போதிய ஆட்கள் அந்நிறுவனத்திடம் இல்லாமற்போனமை. ஜனங்களின் பாஷை அறிந்த மனிதரை வைக்காமல் யந்திரத்தை மட்டும் அனுப்பினால் விளையும் கேடு யாதென்பதை இப்பிரதேசம் தன் நெருப்பிலே கண்டறிந்தது. ஆரோக்கிய விஷயத்திலும் நியாயம் அதுவே. விடையளிக்கத் தகுதியுள்ளவர் மௌனமாக இருந்தால், தகுதியற்றவரின் குரல் அந்த இடத்தை நிரப்பும்.

பாஷையைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். தமிழுக்கு இரண்டை அழுத்துங்கள் என்று பதிவுசெய்த குரல் சொல்வது ஓர் ஏற்பாடு மாத்திரமே. இரண்டை அழுத்தியவுடன் தமிழிலே பேசும் ஆள் ஒருவர் அங்கே இருப்பதுதான் சேவை. அதிலும், பாடப்புத்தகத் தமிழ் போதாது. 'நெஞ்சு படபடக்குது', 'மனசே சரியில்ல', 'மாசம் தள்ளிப் போச்சு' என்று மலையகத்துப் பிள்ளை சொல்வதைக் கேட்டவுடன், அச்சொற்களுக்குப் பின்னாலுள்ள நோயையும் பயத்தையும் உணரக்கூடிய செவி வேண்டும். தென்னாபிரிக்கா 2014இல் தொடங்கிய மொம்கனெக்ட் என்னும் திட்டம், கர்ப்பிணிகளின் கைபேசிக்கு ஆலோசனைகளை அந்நாட்டின் பல மொழிகளிலும் அனுப்பியது. இந்தியா 2022 அக்டோபரில் ஆரம்பித்த டெலிமானஸ் மனநலச் சேவை, 14416 என்ற ஒரே இலக்கத்தில் தமிழ் உட்படப் பல மொழிகளில் பதில் சொல்கிறது. பரந்த தேசங்களுக்கு இயன்றது, இரண்டே அரச கரும மொழிகளையுடைய ஒரு சிறு தீவுக்கு இயலாததாக இருக்க முடியாது.

பாஷைக்கு அடுத்தபடி வேண்டியது அந்தரங்கம். இளைஞர் கைபேசியை நம்புவது அது தம் இரகசியத்தைக் காக்கும் என்பதாலேயே. அந்த நம்பிக்கை ஒருமுறை பொய்த்தால் அவர்கள் மறுபடி வரமாட்டார்கள். அண்ணனும் தங்கையும் ஒரே கைபேசியைப் பகிர்ந்துகொள்ளும் வீடுகள் நம் தோட்டங்களில் ஏராளம். கிளினிக்கின் பெயரையும் வரவேண்டிய காரணத்தையும் வெளிப்படையாகச் சுமந்து வந்து திரையின் உச்சியில் நிற்கும் ஒரு குறுஞ்செய்தி, ஒரு பெண்ணின் வாழ்வையே குலைத்துவிடக்கூடும். 'உங்கள் சந்திப்பு நாளை மாலை நாலு மணிக்கு' என்ற அளவோடு நிற்கும் செய்தி அவளைக் காக்கும். இத்தகைய சிறு விவேகங்களிலேதான் ஒரு சேவையின் கருணை வெளிப்படுகிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலத் தகவல்களை விசேட காவலுக்குரியவையாக வகுத்திருக்கிறது. அந்தக் காவல் சட்டப் புத்தகத்திலிருந்து இறங்கி, அழைப்பை எடுக்கும் ஊழியரின் வாய்க்கட்டுப்பாடாக மாற வேண்டும்.

மூத்தோர் சிலர் எழுப்பும் ஆட்சேபமும் நியாயமானதே: திரையைப் பார்த்து நாடி பிடிக்க முடியுமா, வயிற்றைத் தொட்டுப் பார்க்க முடியுமா, கைபேசி வந்ததைக் காரணமாக்கி வைத்தியசாலைகளைச் சுருக்கிவிடமாட்டார்களா என்று அவர்கள் கேட்கிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலில், இத்தகைய சாதனங்கள் நன்கு இயங்கும் சுகாதார சேவைக்குத் துணையாகுமேயன்றி அதற்குப் பதிலாகா என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 2022 மார்ச் இறுதியில், மருந்துத் தட்டுப்பாட்டினால் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டன. அந்நாளில் எந்தச் செயலியும் ஒரு மயக்க மருந்துக் குப்பியைப் படைத்துத் தந்துவிடவில்லை. ஆகையால் வைத்தியசாலையும் மருந்தும் ஆளணியும் குறையாமல் இருக்க, அவற்றினிடத்துக்கு இளைஞரைத் தக்க நேரத்தில், தக்க கதவுக்கு, பயமின்றி அழைத்துவரும் கையாகவே தொலைபேசி அமைய வேண்டும்.

செய்ய வேண்டியவை பெரும் செலவுடையனவல்ல. ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும், மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் தமிழிலும் சிங்களத்திலும் பதில் சொல்லும் பயிற்சி பெற்ற ஓர் ஊழியரோடு ஒரு தொலைபேசி இலக்கம் இருக்கட்டும்; அழைப்பவருக்குக் கட்டணம் வேண்டாம்; டேட்டா இல்லாத எளிய கைபேசியிலிருந்தும் அது கிடைக்கட்டும். இளையோருக்கென்று அரசு நடத்தும் 'யௌவுன் பியச' நிலையங்களில் முன்கூட்டியே நேரம் குறித்துக்கொள்ளும் வசதி அதே இலக்கத்தில் அமையட்டும். வேலை முடிந்த பின்னர் வரக்கூடிய நேரங்கள் அதில் இருக்கட்டும். அழைத்தவரை வைத்தியர் பார்க்க வேண்டியிருந்தால், தெல்தெனியவிலோ மெனிக்ஹின்னவிலோ கண்டியிலோ எந்த வாசலில், யாரிடம், எந்த வேளையில் போக வேண்டும் என்பதைச் சொல்லி, அவர் போய்ச் சேர்ந்தாரா என்பதையும் மறுநாள் விசாரிக்கும் பொறுப்பு அவ்வூழியருக்கு இருக்கட்டும். தொழிற்சாலை நிர்வாகங்கள், வைத்திய ஆலோசனைக்காகச் செலவிடும் ஒரு மணி நேரத்துக்காக வரவுக் கொடுப்பனவை வெட்டாதிருக்கட்டும். இவ்வேலைக்குத் தோட்டப் பாடசாலைகளில் உயர்தரம் தேறிய இளைஞர்களையே தேர்ந்து பயிற்றினால், மொழியும் மனமும் அறிந்த ஊழியரும் கிடைப்பார்கள்; படித்த பிள்ளைகளுக்குக் கௌரவமான ஓர் உத்தியோகமும் கிடைக்கும்.

இதை யாரிடம் கேட்பது என்ற ஐயத்துக்கும் இடமில்லை. 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் ஒன்றே, அந்தப் பதின்மூன்றாவது திருத்தமே, தமிழையும் அரச கரும மொழியாக்கியது; மாகாணத்தின் சுகாதாரத்தை மாகாண சபையின் பொறுப்பில் ஒப்படைத்ததும் அதுவே. மத்திய மாகாண சபையின் அலுவலகத் தொகுதி இருப்பது இதே பல்லேகலயில், அந்த யுவதிகள் உழைக்கும் தொழிற்சாலைகளுக்கு அண்மையில். தமிழிலே கேட்கும் உரிமையும், அதற்குச் சுகாதார சேவையிலே பதில் சொல்ல வேண்டிய கடமையும் ஒரே ஏட்டில், ஒரே நாளில் எழுதப்பட்டவை. கொழும்பின் அனுமதிக்கும் வெளிநாட்டு நன்கொடைக்கும் காத்திராமல், மாகாணம் தன் அதிகாரத்துக்குட்பட்ட பணிமனைகளில், முதலில் பல்லேகல அடங்கிய குண்டசாலைப் பகுதியிலேனும், இச்சேவையைத் தொடங்கலாம். அங்கே கற்ற பாடத்தைக் கலஹாவுக்கும் தெல்தோட்டைக்கும் புசல்லாவைக்கும் கொண்டு செல்லலாம். நம் இளைஞர் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் கேட்பது நள்ளிரவில், தாழ்ந்த குரலில், பிழையான எழுத்தில் ஆனாலும், ஒரு பிரஜை தன் அரசிடம் கேட்கும் நியாயமான கேள்வியாகவே அதைக் கொண்டு, இந்த ஆண்டிலேயே பதில் சொல்லத் தொடங்குவது மாகாண நிர்வாகத்தின் கடன்.